கெழுக்கள் இடம் மாறி வந்தால் பெருக்கவே வேண்டாம்

37க + 43ச = 123
43க + 37ச = 117

இப்படி ஒரு ஜோடி சமன்பாட்டைப் பார்த்ததும் பலர் நேராக நீக்கல் முறைக்கு, அதாவது கெழுக்களைச் சமமாக்கி ஒரு மாறியை (க அல்லது ச) நீக்கும் வழிக்குப் போய்விடுகிறார்கள். முதலாவதை 43-ஆல், இரண்டாவதை 37-ஆல் பெருக்கினால் 5289, 4329 என்று பெரிய எண்கள் வரும். விடை கிடைக்கும்தான், ஆனால் தேர்வு நேரத்தில் இந்தப் பெருக்கலில்தான் பிழை நுழையும்.

கெழுக்களை, அதாவது க, ச இவற்றுக்கு முன்னால் நிற்கும் எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். 37-ம் 43-ம் இடம் மாறி நிற்கின்றன. அப்படியானால் இரண்டையும் அப்படியே கூட்டுங்கள்: 80க + 80ச = 240, அதாவது க + ச = 3. அப்புறம் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள்: 6க − 6ச = −6, அதாவது க − ச = −1. இனி மனக்கணக்குதான். க = 1, ச = 2.

நடுவில் கூட்டல் குறிக்குப் பதில் இரண்டிலும் கழித்தல் குறி இருந்தாலும் இதே வழி செல்லும்.

மூன்று மாறிகளிலும் இதன் சாயல் உண்டு. க + ச = 5, ச + ட = 7, ட + க = 6 என்றால் மூன்றையும் கூட்டிப் பாதியாக்குங்கள். க + ச + ட = 9. இதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்தால் ட = 4, க = 2, ச = 3.

ஒரு மாறியின் கெழு 1 என்று இருந்தால் மட்டும் பிரதியிடல் முறையே (அந்த மாறியை மற்றதைக் கொண்டு எழுதி அடுத்த சமன்பாட்டில் போடுவது) சுலபம். எந்த வழியில் போனாலும், விடையைக் கொடுத்த எல்லாச் சமன்பாடுகளிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் சரிபார்த்தால் தவறான விடையும் தப்பிவிடலாம்.