மீன்தொட்டி நைட்ரேட்டும் வினிகர் கணக்கும்

என் 200 லிட்டர் தொட்டியில், மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் லிட்டருக்கு 80 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவே இல்லை. தண்ணீர் மாற்றி மாற்றி அலுத்துப்போய்த்தான், பாக்டீரியாவைக் கொண்டு நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றும் இந்த வடிகட்டியைக் கட்டினேன்.

4 அங்குல பி.வி.சி. குழாய், ஒரு மீட்டர் நீளம். நிமிர்த்தி வைத்து, செராமிக் வளையங்களால் நிரப்புங்கள். நீர் கீழே நுழைந்து மேலே வெளியேறட்டும். பழைய வடிகட்டியின் பஞ்சைப் பிழிந்த நீரை ஊற்றினால் பாக்டீரியா குடியேறிவிடும். ஓட்டம் மணிக்கு ஒரு லிட்டர் போதும். வேகம் கூடினால் ஆக்ஸிஜனும் கூடவே உள்ளே போகும். அது கிடைக்கும்வரை பாக்டீரியா நைட்ரேட்டைத் தொடாது.

அடுத்தது உணவு. நைட்ரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாவுக்குத் தின்னக் கார்பன் வேண்டும். எனக்கு வெள்ளை வினிகர்தான் பிடிக்கும். அதிலுள்ள அசெட்டிக் அமிலத்தை அவை உடனே உண்டுவிடும். சர்க்கரை மலிவுதான், ஆனால் வழுவழுப்பாகச் சளிபோல் வளர்ந்து குழாயை அடைக்கும். பெரிய கழிவுநீர் நிலையங்களில் பயன்படும் மெத்தனால் கொடிய நஞ்சு. வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. மரச்சில்லுகள் நிதானமாகக் கார்பன் தரும், ஆனால் முதல் சில வாரங்கள் தண்ணீர் பழுப்பாகும்.

இனி, என்னைத் தடுக்கிவிட்ட இடம்: அளவு. ஒரு நாளில் குழாய் வழியே 24 லிட்டர் போகிறது. 80 மில்லிகிராம் வீதம் 1.9 கிராம் நைட்ரேட், அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் அறிய 4.43-ஆல் வகுத்தால் 0.43 கிராம். அந்த நைட்ரஜனைப்போல் நான்கரை மடங்கு, ஏறக்குறைய 2 கிராம் அசெட்டிக் அமிலம் நாளொன்றுக்குத் தேவை. 4 சதவீத வினிகரில் 50 மில்லி. டோசிங் பம்ப் (திரவத்தை அளவாகச் செலுத்தும் சிறு பம்ப்) வாங்கி, தொட்டியில் அல்லாமல் குழாயின் நுழைவாயிலில் செலுத்துங்கள். டிரிப்ஸ் குழாயை நம்பாதீர்கள்; சொட்டும் வேகம் இரவோடு இரவாக மாறிவிடுகிறது.

பயந்துகொண்டு முதலில் பாதி அளவுதான் கொடுத்தேன். கார்பன் பற்றாமல் வேலை பாதியில் நின்று, மீனுக்கு நஞ்சான நைட்ரைட் வெளிவந்தது. பிறகு முழு அளவுக்கு ஏற்றினேன்; தொட்டியில் நைட்ரேட் 20-க்கு இறங்கிய பின்னும் அதே 50 மில்லி! அழுகிய முட்டை நாற்றம் வீட்டையே நிறைத்தது. நைட்ரேட் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் சல்பேட்டுக்குத் தாவி ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. ஆகவே தொட்டியில் 40 ஆனால் வினிகர் 25 மில்லிதான். வெளியேறும் நீரில் கொஞ்சம் நைட்ரேட் மிஞ்சியே இருக்கட்டும். நைட்ரைட் பூஜ்யமாகும்வரை அந்த நீரை வாளியில் பிடியுங்கள், தொட்டிக்குள் விடாதீர்கள்.

பின்சேர்க்கை: வெளிவரும் நீரில் நைட்ரேட் குறையவே இல்லை என்று வாசகர் ஒருவர் எழுதினார். பரிசோதனைக் கிட்கள் பலவும் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டும். நீரில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் அதையும் சேர்த்து எண்ணிவிடும். அவருடைய நீரில் அதுதான் நடந்திருந்தது. நைட்ரைட்டை முதலில் சோதியுங்கள்.