கிளச் பெடலின் உயரத்தைச் சரிசெய்தல்

காலை நெரிசலில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை காலி வீதியில் கியர் வண்டி ஓட்டுபவரின் இடது கால் கிளச்சை விட்டு அதிக நேரம் விலகியிருப்பதில்லை. பெடல் அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால் குதிகாலை ஊன்ற இடமின்றி முழங்கால் வலிக்கத் தொடங்கும். தாழ்ந்திருந்தால் முழுவதும் மிதித்த பின்னும் கிளச் முழுமையாக விலகாமல், ரிவர்ஸ் போடும்போது பற்கள் உரசும் சத்தம் கேட்கும். உயரத்தைச் சரிசெய்வது ஓரிரு ஸ்பெனர்களும் ஓர் உலோக அடிமட்டமும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் வேறு பழுது எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே அதில் கை வைக்க வேண்டும். பழுதை மறைப்பதற்காக நட்டைத் திருகுவது பின்னர் பெருஞ்செலவில் முடியும்.

முதலில் உங்கள் வண்டியின் கிளச் கேபிளில் இயங்குகிறதா, எண்ணெயில் இயங்குகிறதா என்று பாருங்கள். மாருதி 800, ஆல்டோ 800 போன்ற சிறு வண்டிகளில் பெடலிலிருந்து கியர்பெட்டி வரை கேபிள் செல்கிறது. எண்ணெய் வகையில் பெடலுக்கு நேரே, என்ஜின் பக்கத்தில், மிதிக்கும்போது எண்ணெயை அழுத்தி அனுப்பும் ஒரு மாஸ்டர் சிலிண்டர் இருக்கும். அதற்குத் தனிக் குடுவை இருக்கலாம், அல்லது பிரேக் எண்ணெய்க் குடுவையிலிருந்து ஒரு குழாய் வந்து சேரலாம்.

எண்ணெயில் இயங்கும் கிளச், உள்ளே உராயும் தட்டான பிளேட்டின் தேய்மானத்தைப் பெரும்பாலும் தானே ஈடுசெய்துகொள்ளும். ஆகவே நேற்றுவரை நன்றாக இருந்த பெடல் இன்று தாழ்ந்துபோனாலோ, மிதித்த இடத்திலேயே தங்கினாலோ, இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் மட்டும் வேலைசெய்தாலோ அது உயரக் கோளாறு அல்ல. எண்ணெய் கசிகிறது அல்லது குழாயில் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். குடுவையின் மட்டத்தைப் பாருங்கள். பெடலை மாஸ்டர் சிலிண்டருடன் இணைக்கும் கம்பியான புஷ் ரொட், பெடலின் மேற்பகுதியில் என்ஜின் அறைச் சுவருக்குள் நுழையும் இடத்தையும், கியர்பெட்டியருகே எண்ணெய் அழுத்தத்தால் கிளச்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையையும் விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் முதலில் அதைத் திருத்தி, காற்றை வெளியேற்றுங்கள். பிரேக் எண்ணெய் பெயின்ரைக் கரைக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

அளப்பதற்கு முன் கால் மிதியடியை எடுத்துவிட்டுக் கார்ப்பெட்டையும் ஒதுக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று மிதியடி போட்டிருக்கும் வண்டிகளைக் கொழும்பில் நிறையப் பார்க்கலாம். அவை பெடலின் அடிப்பகுதி ஓட்டத்தைத் தடுத்து, இல்லாத கோளாறு ஒன்றை இருப்பதாகக் காட்டும். தரைத் தகட்டிலிருந்து பெடல் ரப்பரின் மேற்பரப்பு வரை உள்ள தூரமே உயரம். சரியான எண் மொடலுக்கு மொடல் மாறுவதால், அதை உங்கள் வண்டியின் திருத்தக் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

சக்கரங்களுக்கு அடைகொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, என்ஜினை நிறுத்திவிட்டு டோர்ச்சுடன் குனிந்து பாருங்கள். பெடல் கை மேலே வந்து முட்டி நிற்கும் இடத்தில் லொக் நட்டுடன் (போல்ட்டை அசையாமல் பிடிக்கும் நட்) ஒரு தடுப்பு போல்ட் இருக்கும். சில வண்டிகளில் அந்த இடத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும், அப்படியானால் அதன் வயரைக் கழற்றிக்கொள்ளுங்கள். பெடலைத் தாழ்த்தப் போகிறீர்கள் என்றால் புஷ் ரொட்டின் லொக் நட்டை முன்கூட்டியே தளர்த்தி, ரொட்டைச் சற்றுக் குறுக்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் போல்ட் பெடலை அழுத்தும்போது பெடல் ரொட்டை அழுத்திக்கொண்டே நிற்கும். பிறகு போல்ட்டைத் திருகி உயரத்தை அமைத்து, லொக் நட்டை இறுக்குங்கள்.

உயரத்தை மாற்றினால் பிளேயும் மாறிவிடும் என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். பெடலைக் கையால் மெல்ல அழுத்தும்போது, கிளச்சின் கனமான எதிர்ப்புத் தொடங்கும் வரை அது இலேசாக அசையும் தூரமே பிளே. பல டொயோட்டா வண்டிகளில் இது 5 முதல் 15 மி.மீ.; அதற்குள், புஷ் ரொட் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தொடுவதற்கு முன் உள்ள அசைவு மட்டும் பெடல் நுனியில் 1 முதல் 5 மி.மீ. இந்தச் சிறு இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்காது. எண்ணெய் குடுவைக்குத் திரும்பும் துளை அடைபட்டு, சூட்டில் விரியும் எண்ணெய் காலை எடுத்த பின்னும் கிளச்சை அழுத்திக்கொண்டிருக்கும். பிளேட் வழுக்கும், கிளச்சை அழுத்தி விலக்கும் ரிலீஸ் பெயாரிங் ஓயாமல் தேயும். இடைவெளி மிகுந்தாலோ மிதியின் பாதி வீணாகி, கியர் உரசும். ஆதலால் புஷ் ரொட்டைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள்.

கேபிள் வண்டிகளில் பிளேயைக் கியர்பெட்டிப் பக்க முனையில் உள்ள நட்டால் அமைப்பார்கள். பிளேட் தேயத் தேய இங்கே பிளே குறைந்துகொண்டே வரும். கடற்காற்றில் நட்டும் புரியும் துருப்பிடித்திருக்கும். வலிந்து திருகாமல் துரு நீக்கும் எண்ணெய் தெளித்துக் காத்திருங்கள். கேபிளின் இழைகள் பிரிந்திருந்தால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் புதியதை வாங்கி மாற்றிவிடுங்கள்.

இறுதியில் என்ஜினை இயக்கி, கிளச்சை முழுவதும் மிதித்துச் சில விநாடிகள் பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள்; சத்தமின்றி விழ வேண்டும். முன்னால் இடமுள்ள ஓரிடத்தில் முதல் கியரில் பெடலை மெதுவாக விடும்போது, அடியிலிருந்து குறைந்தது 25 மி.மீ. மேலே வந்த பின்னரே வண்டி நகரத் தொடங்க வேண்டும். வெறிச்சோடிய வீதியில் நான்காம் கியரில் மெல்லச் செல்லும்போது அக்ஸிலேட்டரை நன்கு மிதியுங்கள். வேகம் கூடாமல் என்ஜின் மட்டும் இரைந்தால் பிளேயை மீண்டும் அளவெடுங்கள். அளவு சரியாக இருந்தும் இரைகிறது என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. அதற்குக் கியர்பெட்டியை இறக்கத்தான் வேண்டும்.