‘யுபிஐக்கு வரியாம்’ என்று செய்தி வந்தால் கல்லாவில் என்ன மாற்ற வேண்டும்?

கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இப்படி ஒரு செய்தி வந்து விழும். 2023 மார்ச் மாதக் கடைசியில், ‘ரெண்டாயிரத்துக்கு மேலே ஜிபே பண்ணினா 1.1 சதவீதம் பிடிப்பாங்க’ என்று வந்தது. 2025 ஏப்ரலில் ‘ரெண்டாயிரத்துக்கு மேலே ஜிஎஸ்டி’ என்றார்கள். அந்த வருசம் ஜூலையில், பெங்களூரில் சிறுகடைக்காரர்கள் யுபிஐ வேண்டாம், ரொக்கம் மட்டும் என்று பலகை எழுதி மாட்டினார்கள். ஒவ்வொரு தடவையும், க்யூஆர் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிடலாமா என்று ஒரு யோசனை வரும்.

வைக்க வேண்டாம். இந்த மூன்றில் முதல் இரண்டு உங்களைத் தொடவே இல்லை. மூன்றாவது தொடலாம், ஆனால் அதற்கான வேலை கணக்கு நோட்டில் இருக்கிறது. கன்னியாகுமரி கடற்கரையில் சங்கு விற்பவரோ, திங்கள்சந்தையில் மரச்சீனி விற்பவரோ யுபிஐயால் உண்மையில் காசை விடுவது தலைப்புச் செய்தியில் வராத இடங்களில்தான். அதையெல்லாம் ஒழுங்குபடுத்த ஒரு நாள் மதியம் போதும்.

முதலில் அந்தச் செய்திகளை முடித்துவிடலாம். 1.1 சதவீதம் என்பது, வாலட்டில் முன்கூட்டியே ஏற்றி வைத்த பணத்திலிருந்து 2,000 ரூபாய்க்கு மேல் கடைக்குக் கொடுத்தால் நிறுவனங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும் கட்டணம். வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் பணத்துக்கு அது கிடையாது. வாடிக்கையாளரிடம் பிடிப்பதும் கிடையாது. 2025 ஏப்ரல் ஜிஎஸ்டி செய்தியை நிதி அமைச்சகமே பொய் என்று மறுத்தது. ஜிஎஸ்டி போட வேண்டுமென்றால் முதலில் கட்டணம் என்று ஒன்று இருக்க வேண்டும். கடைகளுக்கு வரும் சாதாரண யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து கட்டணமே பூஜ்யம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வாடிக்கையாளர் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து வைத்து 2,000க்கு மேல் கொடுத்தால், கடையின் பணத்தில் ஒரு துண்டு குறையலாம். ராத்திரி கணக்குப் பார்க்கும்போது வரவு சில்லறையாகக் குறைந்திருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படணும். லாபம் மெலிந்த வியாபாரம் என்றால், கிரெடிட் கார்டிலிருந்து யுபிஐ பணம் வாங்கும் வசதியை நிறுத்தித் தரும்படி க்யூஆர் கொடுத்த நிறுவனத்திடம் கேளுங்கள்.

இனி பெங்களூர் விவகாரம். கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவைக் கூட்டிப் பார்த்து, ஜிஎஸ்டி பதிவு வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று நோட்டீஸ் அனுப்பியது. யுபிஐயை நிறுத்தினால் தப்பலாம் என்பது தவறான பாடம். ரொக்கமாக வந்தாலும் விற்றுமுதல் விற்றுமுதல்தான். பார்க்க வேண்டியது வரம்பை. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். சேவைக்கு 20 லட்சம்; சாயாக்கடையும் சாப்பாட்டுக்கடையும் சேவைக் கணக்கில்தான் வரும். நாள் கணக்காக வகுத்தால் 40 லட்சம் என்பது சராசரி 10,959 ரூபாய். 20 லட்சம் என்பது 5,479 ரூபாய். பழம்பொரியும் சாயாவும் விற்கிற, பஸ் ஸ்டாண்டு ஓரத்து நல்ல கடை இரண்டாவது எண்ணைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். தாண்டினால் பயப்பட ஒன்றுமில்லை. விற்றுமுதலில் ஒரு சின்னச் சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் சாப்பாட்டுக்கடைக்கு 5 சதவீதம், பொருள் வியாபாரிக்கு 1 சதவீதம்.

தோவாளையில் பிச்சிப்பூ மட்டும் விற்பவர், குளச்சலில் பச்சைமீன் மட்டும் விற்பவர், தேங்காயோ நேந்திரம்பழமோ மட்டும் விற்பவர், இவர்கள் எவ்வளவு விற்றாலும் பதிவு வேண்டாம். அந்தப் பொருட்களுக்கு வரி இல்லை. ஆனால் பூவோடு சூடமும் சாம்பிராணியும் வைத்தால் கதை மாறும். வரியில்லாத பூவின் விற்பனையும் சேர்த்துத்தான் 40 லட்சம் கணக்காகும். களியக்காவிளைப் பக்கத்துக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும்: சிப்ஸ் போல வரியுள்ள சரக்கைப் பாறசாலைக்கோ திருவனந்தபுரத்துக்கோ வண்டியில் ஏற்றி அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம். அதற்கு 40 லட்சம் வரம்பு பொருந்தாது, முதல் ரூபாய்க்கே பதிவு தேவை.

இதற்காகச் செய்ய வேண்டியது ஒன்றே: கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு. சீட்டுப்பணம், வளைகுடாவிலிருந்து தம்பி அனுப்பியது, கல்யாண மொய், எல்லாம் ஒரே கணக்கில் விழுந்தால், கூட்டிப் பார்க்கிறவருக்கு எல்லாமே விற்பனையாகத்தான் தெரியும். இல்லை என்று நிரூபிக்கிற பாடு உங்களுடையது. தனிக் கணக்கு தொடங்கி, அதிலேயே வணிகர் க்யூஆர் வாங்கி, பழைய சொந்த க்யூஆரைக் கடையிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து தொங்கினால் வாடிக்கையாளர் எதை ஸ்கேன் செய்வார் என்று சொல்ல முடியாது. தனிக் கணக்கின் இன்னொரு பலன் கடைசியில் வரும்.

அட்டை. ஸ்கேன் ஆக வேண்டிய தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது க்யூஆரின் அகலம் இருக்கணும் என்பது அச்சுக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மீட்டரில் நிற்பவருக்கு 10 சென்டிமீட்டர். பளபளக்கும் லேமினேஷன் வெயிலில் கண்ணாடி மாதிரி அடிக்கும். சுண்டு விரல் அளவுக்கு முன்னால் சாய்த்து வைத்தால் போதும். மீன்சந்தையில் பாருங்கள்: அலுமினியச் சட்டியின் மூடியில் சாய்த்த அட்டை, அதில் சாளைச் செதில் நாலைந்து ஒட்டிக் காய்ந்திருக்கும், ஓரத்தில் ரத்தக்கறை. அப்படியும் ஸ்கேன் ஆகும். க்யூஆரில் அழிந்த பகுதியைக் கணக்கிட்டு மீட்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. ஆனால் மூன்று மூலையிலும் உள்ள பெரிய சதுரங்களில் ஒன்று மறைந்தால் போன் விழிக்கும். துடைக்க நேரமில்லை என்றால் அந்த மூன்றை மட்டுமாவது துடையுங்கள்.

அட்டை மேல் வேறொருவர் தன் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டு எல்லா ஊரிலும் உண்டு. கடை திறந்ததும் வீட்டில் இன்னொருவர் போனில் ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். 2025 ஜூன் மாதக் கடைசியிலிருந்து, பணம் அனுப்பும் முன் திரையில் வர வேண்டியது வங்கியில் பதிவான பெயர். நாம் விருப்பப்படி வைத்த பெயர் வராது. எந்த வாட்ஸ்அப் குழுவிலும் யாரும் அலறாத செய்தி, ஆனால் கடைக்கு இதுதான் பெரிய நன்மை. சின்ன சங்கடமும் உண்டு: பலகையில் ‘ஸ்ரீ முருகன் ஸ்டோர்’, திரையில் வீட்டுக்காரி பெயர் என்றால் வெளியூர்க்காரர் தயங்குவார். க்யூஆருக்குக் கீழே ‘ஸ்கேன் செய்தால் இந்தப் பெயர் வரும்’ என்று மார்க்கரில் எழுதி வையுங்கள். ஒட்டு வேலை நடந்தால் வாடிக்கையாளரே கண்டுபிடித்துச் சொல்வார்.

பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸை நம்பலாம், ஆனால் காதை முழுக்க அடகு வைக்கக் கூடாது. அலைச்சத்தமும் பஸ் ஹாரனும் சேர்ந்த இடத்தில் ‘இருபது’ ‘இருநூறு’ ஆகக் கேட்கும். விலைக்கு ஏற்ப ஒரு வழி உண்டு: இருபதும் இருநூறும் அடிக்கடி விழும் கடை என்றால், எண் காட்டும் சின்னத் திரை வைத்த பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு சிக்கல் சீசனில் வரும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், விடியற்காலைச் சூரிய உதயம் பார்த்துவிட்டு நூறு பேர் ஒரே நேரத்தில் கரையேறுகிறார்கள். இரண்டு பேர் தனித்தனியாக அறுபது ரூபாய்க்கு வாங்கி, இரண்டு பேரும் போனைத் தூக்கிக் காட்டுகிறார்கள், பெட்டி ஒரு தடவைதான் ‘அறுபது’ என்கிறது. இரண்டு பேரும் போய்விடுவார்கள். யாரும் திருடர் இல்லாமலே அறுபது ரூபாய் போச்சு. வரிசையில் ஒருவர் பணம் பெட்டியில் ஒலித்த பிறகே அடுத்தவருக்குத் தொகை சொல்லுங்கள்.

வாடிக்கையாளர் காட்டும் திரை ஆதாரமே கிடையாது. பச்சை டிக், ‘டிங்’ சத்தம், தேதி, கடைப்பெயர் எல்லாம் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. ‘ரூவா போயாச்சு அண்ணாச்சி, பாருங்க’ என்று நீட்டினால், உங்கள் போனில் உள்ள வணிகர் ஆப்பில் அவர் பெயரும் தொகையும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்எஸ்ஸும் போதாது. வங்கி மாதிரியே எழுதி யாரும் அனுப்பலாம்.

பெட்டிக்குள் சிம் இருக்கிறது. உங்கள் வைஃபை நன்றாக இருப்பதால் பெட்டியும் பேசும் என்று நினைக்க வேண்டாம். வாங்கும்போது, கடைக்குள் எந்த நெட்வொர்க் நன்றாக எடுக்கிறதோ அந்த சிம் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் பெட்டி அந்த நிறுவனத்தின் க்யூஆருக்கு மட்டும்தான் வாய் திறக்கும். மாத வாடகை உங்கள் வரவிலிருந்தே கழியும். எவ்வளவு, திருப்பிக் கொடுத்தால் எப்போது நிற்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். கரையோரக் கடைகளில் உப்புக்காற்று சார்ஜ் துளையைப் பச்சை பிடிக்க வைக்கும். ராத்திரி வீட்டுக்கு எடுத்துப் போங்கள், துளைக்கு ரப்பர் மூடி போடுங்கள். ஈரத்துணியால் துடைத்த கையோடு சார்ஜரைச் செருகாதீர்கள்.

பணம் அவருக்குக் கழிந்து உங்களுக்கு வராவிட்டால் சண்டை வேண்டாம். அவர் போனில் அந்தப் பணப் பரிமாற்றத்துக்கான 12 இலக்க அடையாள எண், அதாவது யுடிஆர் எண் இருக்கும். அதையும் தொகை, நேரம், அவர் போன் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். கடைக்குப் போன பணம் சேரவில்லை என்றால் ஐந்து நாளுக்குள் அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. சாயா காசு என்றால் விட்டுவிடலாம். ஐநூறுக்கு மேல் என்றால் ரொக்கம் கேளுங்கள், ஆனால் நோட்டில் எழுதியதை மறக்காதீர்கள்; சில சமயம் அந்தப் பணம் ஒரு மணி நேரம் கழித்து உங்களுக்கே வந்து சேரும், திருப்பிக் கொடுக்கணும். 2025 ஏப்ரல் 12 சனிக்கிழமை நாடு முழுக்க யுபிஐ படுத்ததுபோல் படுத்தால் எந்தப் பெட்டியும் உதவாது. கல்லாவில் எப்போதும் 500 ரூபாய்க்குச் சில்லறை வைத்திருங்கள்.

இப்போது உண்மையான ஆபத்து: கணக்கு முடக்கம். எங்கோ ஒருவரை ஏமாற்றிய பணம் நாலு கை மாறி, அதில் 200 ரூபாய் உங்கள் கடையில் தொப்பிக்குச் செலவானால், புகாரின் வால் உங்கள் கணக்கு வரை வரும். இந்தியா முழுவதிலிருந்தும் ஆள் வரும் ஊரில் இதைத் தடுக்க வழியில்லை, சேதத்தைக் குறைக்கலாம்; தனிக் கணக்கின் அந்த இன்னொரு பலன் இதுதான். கடைக் கணக்கில் பணத்தைச் சேர விடாமல் ஒவ்வொரு ராத்திரியும் வேறு வங்கியில் உள்ள வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். ‘ஐயாயிரம் ஜிபே பண்றேன், கேஷ் குடுங்க’ என்று முகம் தெரியாதவர் கேட்டால், ஏடிஎம் எங்கே என்று வழி சொல்லி அனுப்புங்கள். நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்றால் நிச்சயமாகக் கொடுக்காதீர்கள். திருட்டுப் பணம் ரொக்கமாவது பெரும்பாலும் இப்படித்தான். ‘தப்பா அனுப்பிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க’ என்பதும் அதே வகை. வங்கி வழியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

முடங்கிவிட்டால் கிளைக்குப் போய் நான்கு விவரம் எழுத்தில் கேளுங்கள்: எந்த ஊர் சைபர் போலீஸ், புகாரின் ஒப்புகை எண், எந்த யுடிஆர், எவ்வளவு தொகை. பிறகு அந்த நாளின் பில் அல்லது நோட்டுப் பக்க நகல், கடை உரிம நகல், இது பொருளுக்கு வந்த பணம் என்ற கடிதம், மூன்றையும் அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி நகலை வங்கியில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். தகராறுள்ள தொகையை மட்டும் நிறுத்தி வைத்து மீதிக் கணக்கைத் திறந்துவிடும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். காவல்துறை குறிப்பிட்ட தொகையோடு முடக்கத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று 2023ல் கேரள உயர் நீதிமன்றம் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. முடக்கத்தை எடுத்துத் தருகிறேன் என்று போனில் பணம் கேட்பவர் அடுத்த திருடர். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனுக்குப் போகலாம். உதவி எண் 14448. உங்கள் பணமே திருடு போனால் அழைக்க வேண்டிய எண் வேறு, 1930. அதை உடனே அழைக்கணும். பணம் அடுத்த கைக்கு மாறுவதற்கு முன் நிறுத்தினால்தான் மீட்க முடியும். இரண்டு எண்ணையும் க்யூஆர் அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.