ராய் கீன் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்துக் கால்பந்து வீரர் ராய் கீன் என்றாலே கோபம், சிவப்பு அட்டை, சண்டை என்றுதான் பேச்சு தொடங்குகிறது. வாய்வழியாகப் பரவும் இந்தக் கதைகளில் ஆண்டும் போட்டியும் பொறுப்பும் இடம் மாறிவிடுகின்றன. கடைசியில், தன் தலைமுறையின் மிகச் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர்களில் ஒருவர் வெறும் முரடராகச் சுருங்கிப்போகிறார். அவரைப் பற்றிக் கட்டுரை, காணொளி, வினாடி வினா என்று எதைத் தயாரித்தாலும் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

பெயர்க் குழப்பம்

ராய் கீன் 1971 ஆகஸ்ட் 10 அன்று கார்க் நகரில் பிறந்த நடுக்கள ஆட்டக்காரர். ராபி கீன் 1980-இல் டப்ளினில் பிறந்த முன்கள ஆட்டக்காரர். இருவரும் உறவினர்கள் அல்லர். ஆனால் இருவருமே அயர்லாந்தின் கேப்டனாக இருந்தவர்கள், ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு ஆடியவர்கள், பிறகு மேலாளர் ஆனவர்கள். அதனால்தான் ஒருவர் கணக்கு இன்னொருவர் பெயரில் ஏறிவிடுகிறது. அயர்லாந்துக்காக 146 ஆட்டங்களில் 68 கோல் அடித்தவர் ராபி. ராய் ஆடியது 67 ஆட்டங்கள், அடித்தது 9 கோல். இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐஎஸ்எல்) 2017-18 பருவத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்கு ஆடியவரும் ராபிதான்.

கோல் கணக்கு

சில தளங்கள் லீக் ஆட்டங்களை மட்டும் தரும், சில தளங்கள் கோப்பை ஆட்டங்களையும் சேர்த்துத் தரும். இரண்டையும் கலந்தால் கணக்கு கெடும். மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக கீன் லீக்கில் 326 ஆட்டங்கள், 33 கோல். எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 480 ஆட்டங்கள், 51 கோல். அதற்கு முன் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் லீக்கில் 114 ஆட்டங்கள், 22 கோல். மொத்தம் 154 ஆட்டங்கள், 33 கோல். 33 என்ற எண் இரண்டு இடத்திலும் வருவதைக் கவனியுங்கள். ஓரிடத்தில் அது லீக் கணக்கு, மற்றோரிடத்தில் மொத்தக் கணக்கு.

ஃபாரஸ்ட் எண்களை ஒதுக்கிவிட்டால் இன்னொரு தவறும் கூடவே வந்து சேரும்: தொடக்கம் முதலே அவரைத் தடுப்பாட்டக்காரராக நினைப்பது. 1990-இல் ஃபாரஸ்ட் மேலாளர் பிரையன் க்ளஃப் அவரை கோப் ராம்ப்ளர்ஸ் என்ற சிறிய அயர்லாந்து அணியிடமிருந்து வெறும் 47,000 பவுண்டுக்கு வாங்கினார். அப்போதைய கீன் தன் அணியின் பெனால்டி பெட்டியிலிருந்து எதிரணியின் பெனால்டி பெட்டி வரை ஓடி, தாமதமாக உள்ளே நுழைந்து கோல் அடிப்பவர். 1993-இல் யுனைடெட் 37.5 லட்சம் பவுண்டு கொடுத்தது. அன்று அது பிரிட்டிஷ் சாதனை. 1997 முழங்கால் காயத்துக்குப் பிறகுதான் அவர் படிப்படியாகப் பின்னுக்கு வந்து ஆட்டத்தின் வேகத்தை நிர்ணயிப்பவர் ஆனார்.

கேப்டன், கோப்பை

யுனைடெட்டில் அவர் வென்ற லீக் பட்டங்கள் 7. ஏழையும் கேப்டனாக வென்றார் என்று எழுதுவது பிழை. எரிக் கான்டோனா 1997-இல் ஓய்வு பெற்ற பின்புதான் கேப்டன் பட்டை கீன் கைக்கு வந்தது. ஆகவே 1994, 1996, 1997 பட்டங்கள் அதற்கு முந்தியவை. 1999, 2000, 2001, 2003 அவர் தலைமையில் வந்தவை.

1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பயர்ன் மியூனிக்கை வென்ற அணியில் கீன் ஆடவில்லை. அன்று கேப்டன் பீட்டர் ஷ்மைக்கேல். ஏன் ஆடவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதை போய்விடும். ஏப்ரல் 21, டுரின். அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் யுவென்டஸ் 2-0 என முன்னிலை பெற்றிருந்தபோது, கீன் தலையால் முட்டி முதல் கோலை அடித்தார். சற்று நேரத்தில் சிடானைத் தடுத்ததற்காக மஞ்சள் அட்டை; அதனால் இறுதியாட்டத்தில் ஆடத் தடை. இறுதியாட்டம் தனக்கில்லை என்று தெரிந்த பிறகும் அவர் ஆட்டத்தின் தரம் ஒரு துளி குறையவில்லை. யுனைடெட் 3-2 என வென்றது. அவர் யார் என்று ஒரே ஆட்டத்தில் காட்ட வேண்டுமானால் இதைக் காட்டுங்கள்.

ஹாலண்ட் விவகாரம்

மிக அதிகமாகத் திரிக்கப்படுவது இதுதான். 1997 செப்டம்பரில் லீட்ஸ் மைதானத்தில் அந்த அணியின் வீரர் ஆல்ஃபி ஹாலண்ட் கீனைக் காயப்படுத்தினார் என்பார்கள். உண்மையில் ஹாலண்டைத் தடுக்கப் போன கீன்தான் தன் முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். கீழே கிடந்தவரை, நடிக்கிறார் என்று ஹாலண்ட் ஏசினார். கீன் பழிவாங்குவது போல ஹாலண்டின் முழங்காலில் மிதித்து சிவப்பு அட்டை பெற்றது 2001 ஏப்ரலில், யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில். அப்போது ஹாலண்ட் மான்செஸ்டர் சிட்டி வீரர்.

அந்த உதையோடு ஹாலண்டின் ஆட்டவாழ்வு முடிந்தது என்பது அடுத்த தவறு. கீன் மிதித்தது வலது முழங்காலை. ஹாலண்ட் அடுத்த சில நாட்களிலேயே நார்வேக்கு ஆடினார். அவரை முடக்கியது இடது முழங்கால் கோளாறு. இதனால் அந்தத் தாக்குதல் நியாயமாகிவிடாது. சுயசரிதையில் அது வேண்டுமென்றே செய்தது என்ற பொருள்பட வந்ததும், 2002-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 5 ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் விதித்தது. இது, களத்தில் பெற்ற சிவப்பு அட்டைக்கான தண்டனையிலிருந்து வேறானது.

சைப்பான், 2002

சைப்பான் ஜப்பானில் இல்லை. பசிபிக்கில் உள்ள அமெரிக்க ஆட்சிப்பகுதித் தீவு. உலகக் கோப்பைக்கு முன் அயர்லாந்து அணி அங்கே முகாமிட்டது. கீன் கோபித்துக்கொண்டு வெளியேறினார் என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். பயிற்சி மைதானமும் ஏற்பாடுகளும் மோசம் என்று முதலில் விலகுவதாகச் சொன்னார், பிறகு மனம் மாறித் தங்கினார். அவருடைய பேட்டி மே 23 அன்று பத்திரிகையில் வந்தது. அதையடுத்த அணிக் கூட்டத்தில் மேலாளர் மிக் மெக்கார்த்தியைக் கடுமையாகத் திட்டினார். மெக்கார்த்தி அவரை வீட்டுக்கு அனுப்பினார். பின்னர் அயர்லாந்துச் சங்கமே கேட்டு வாங்கிய அறிக்கை, ஏற்பாடுகளில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டது.

அதோடு நாட்டுக்கு ஆடுவதை விட்டுவிட்டார் என்பதும் தவறு. பிரையன் கெர் மேலாளராக இருந்த 2004-இல் திரும்பி வந்தார்.

மேலாளர் காலம்

2005 நவம்பரில் யுனைடெட் அவரை செல்டிக்குக்கு விற்கவில்லை. பரஸ்பர ஒப்புதலுடன் பிரிந்தார்கள். 2006 ஜூனில் ஓய்வு, ஆகஸ்டில் சண்டர்லாந்து மேலாளர் பதவி. தொடர் தோல்விகளால் இரண்டாம் நிலை லீக்கின் அடியில் கிடந்த அணி அது. வீரர் மாற்றக் காலத்தின் கடைசி நாளில் டுவைட் யார்க் உட்பட 6 பேரைச் சேர்த்தார். பருவ முடிவில் 88 புள்ளிகளுடன் பட்டம் வென்று அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அடுத்த ஆண்டு 15-ஆம் இடம். மேலாளராகத் தோற்றவர் என்று முத்திரை குத்துவோர் இந்த இரண்டு பருவங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

சண்டர்லாந்தில் அவர் நீக்கப்படவில்லை, 2008 டிசம்பரில் அவரே விலகினார். நீக்கப்பட்டது இப்ஸ்விச்சில், 2011 ஜனவரியில். அங்கே அவர் தடுமாறியது உண்மை. அதன் பிறகு ஆஸ்டன் வில்லா, ஃபாரஸ்ட், அயர்லாந்து மூன்றிலும் அவர் துணைப் பொறுப்பில்தான் இருந்தார். 2016 யூரோவில் இத்தாலியை வென்ற அயர்லாந்து அணியின் மேலாளர் மார்ட்டின் ஓ'நீல். மேலாளராக கீனின் வெற்றி தோல்விகளைக் கணக்கிடும்போது சண்டர்லாந்து, இப்ஸ்விச் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.