எம்ஜிபி ஜிடி பார்க்கப் போனால் பானெட்டை முதலில் திறக்காதீர்கள்

எம்ஜிபி ஜிடி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கப் போகிறவர்கள் போனதும் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். விற்பவருக்கும் அதுதானே வேண்டும்! எஞ்சினைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். அந்த 1798 சிசி எஞ்சின் உறுமியதுமே மனசு கவிழ்ந்துவிடும். ஆனால் இந்த வண்டியில் குறைந்த செலவில் சரிசெய்யக்கூடியது எஞ்சின்தான். எம்ஜிபி மொத்தமாக 5 லட்சத்துக்கு மேல் தயாரான வண்டி, உதிரிபாகம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. பணத்தை விழுங்குவது பாடித் தகரம்.

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962-ல் எம்ஜிபி வந்தது, கூரை வைத்த ஜிடி 1965-ல். இதற்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. அதிலும் கதவுக்கு அடியில் ஓடும் ‘சில்’ (sill) என்ற பகுதி, பல தகடுகளைச் சேர்த்து வெல்டு செய்த பெட்டி. முன் மட்கார்டுக்குப் பின்னால் சேறு தங்கி ஊறி, துரு உள்ளிருந்து வெளியே வரும். பெயின்டில் மிளகு அளவு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே பாதி போயிருக்கும். முறையாக மாற்ற மட்கார்டைக் கழற்ற வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, உளுத்த தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள்.

கையில் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சில் மேல் ஓட்டிப் பாருங்கள், பட்டி இருக்கும் இடத்தில் பிடிக்காமல் நழுவும். அப்புறம் கதவு இடைவெளி. மேலே ஒடுங்கி, கீழே அகன்றிருந்தால் நடுவில் தொய்ந்த வண்டி. வாங்கிய பிறகும் ஒரு தவறு நடக்கிறது: பாடிக்குச் சரியாக முட்டுக் கொடுக்காமல் சில்லை வெட்டிவிடுவது. வெல்டிங் முடிந்ததும் கதவு மூடாது.

1967-க்கு முந்தைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த், அதாவது பாடியோடு இணைந்திருப்பது. அது தெரியாமல் ரேடியோவோ சார்ஜரோ மாட்டினால் புகைதான். இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும், ஆண்டை மட்டும் நம்பாமல் வயரைப் பாருங்கள்.

ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி திக்கினால் உடனே கார்புரேட்டரைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவார்கள். இதில் இருக்கும் எஸ்யு வகை கார்புரேட்டரின் தலையில் ஒரு மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்தால் கூடவே ஒரு கம்பி வரும். அது எண்ணெயில் தோய்ந்து வர வேண்டும். காய்ந்து வந்தால், கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டாலே பாதி நோய் போய்விடும். மீதிப் பாதிக்குப் பெரும்பாலும் தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயின்ட்ஸ்தான் காரணம், கார்புரேட்டர் பாவம். முன்சக்கரம் திரும்ப அச்சாக இருக்கும் கிங்பின்னுக்குக் கிரீஸ் அடிக்க மறப்பவர்களும் உண்டு. ஸ்டீயரிங் இறுகும்போதுதான் ஞாபகம் வரும்.

கடைசித் தவறு, 1974 இறுதியிலிருந்து வந்த கறுப்பு பம்பர் வண்டிகளை ஏறெடுத்தும் பார்க்காமல் ஒதுக்குவது. அமெரிக்கச் சட்டத்துக்காக பம்பரையும் மாற்றி, வண்டியையும் உயர்த்தினார்கள். அழகு குறைந்தது உண்மை, வளைவில் சாய்வதும் உண்மை. ஆனால் விலை குறைவு. துருவேறிய குரோம் பம்பர் வண்டியும் துருவில்லாத கறுப்பு பம்பர் வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், நான் கறுப்பைத்தான் ஓட்டிக்கொண்டு வருவேன்.