உப்புத் துருவில் இறுகிய போல்ட்டு

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் கடலோரம் நிற்கும் என் 1998 மாருதி 800, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டொக்' என்று ஒலித்ததால், ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தை அசைத்துப் பார்த்தேன். சக்கரத்தை வண்டியின் உடலுடன் கீழே இணைக்கும் இடப்புற லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட் (சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டு) தளர்ந்து, மறுமுனையில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷும் வெடித்திருந்தது. பால் ஜாயிண்டைக் கவ்வும் போல்ட்டு உப்புத் துருவில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. செந்துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டிய பிறகே, ஒரு முனகலுடன் நகர்ந்தது. அவசரப்பட்டிருந்தால் அதன் தலை முறிந்திருக்கும். புதிய ஆர்மை மாட்டி, அதன் புஷ் போல்ட்டை, வண்டி தன் எடையுடன் தரையில் நின்ற பிறகே இறுதியாக முடுக்கினேன். சக்கரம் தொங்கும் நிலையில் முடுக்கினால், ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து விரைவில் கிழிந்துவிடும். பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கியும் அந்த ஒலி வரவில்லை.