ஊர் ஆஸ்பத்திரிக்கு உழைத்தவர்களின் வரலாற்றை எழுதி வைப்பது எப்படி

சேலத்திலோ ஏற்காட்டிலோ உங்கள் பகுதி ஆஸ்பத்திரிக்கு மக்கள் என்னென்ன செய்தார்கள் என்று எழுதப்போகிறீர்களா, முதலில் சுவரைப் பாருங்கள். வார்டு வாசல், தண்ணீர்த் தொட்டி, பெஞ்சு, சில இடங்களில் ஃபேன் இறக்கையில்கூட 'உபயம்' என்று பெயர் இருக்கும். பெயிண்ட் பூசிக் கல்வெட்டு மங்கியிருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், எழுத்து தெரியும். அனுமதி வாங்கிப் படமெடுங்கள், நோயாளிகள் யாரும் அதில் விழக் கூடாது.

அடுத்தது காகிதம். அரசு மருத்துவமனை என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு, நன்கொடைப் பதிவேட்டின் நகலையும் நோயாளர் நலச் சங்கக் கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். 'எல்லா விவரமும்' என்று கேட்காமல் ஆண்டைக் குறிப்பிடுங்கள். இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான். சேலம் நகராட்சி 1866-லேயே வந்துவிட்டது, அந்தக் காலத்தில் பல மருந்தகங்களை உள்ளாட்சிகளே நடத்தின, அதனால் மருத்துவத் துறைக் கோப்புகளோடு நின்றுவிடாதீர்கள்.

ஆனால் கல்வெட்டும் பதிவேடும் பணம் கொடுத்தவரை மட்டுமே சொல்லும், உழைப்பைக் கொடுத்தவர் பெயர் எதிலும் இருக்காது, அதனால்தான் இந்த வேலையில் பாதிக்கு மேல் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கே ஒதுக்கச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற நர்சம்மா, ஆயாம்மா, வாசலில் கஞ்சி ஊற்றியவர்கள், ரத்தம் தேவை என்றால் ஆள் திரட்டிக் கூட்டி வந்தவர்கள், எல்லாரையும் தேடிப் போங்கள். சேர்வராயன் மலைக் கிராமங்களில், ரோடு வருவதற்கு முன்னால் யாரெல்லாம் டோலி கட்டி நோயாளியைத் தூக்கினார்கள் என்று கேளுங்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டுத் தோள் கொடுத்ததும் தொண்டுதான், அதற்கு யாரும் ரசீது கொடுத்ததில்லை.

'எந்த வருஷம்?' என்று கேட்டால் பலருக்கும் சொல்ல வராது. சேலத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்தது 1986, மாநகராட்சி ஆனது 1994, அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள், சரியாகச் சொல்லிவிடுவார்கள். தொகையை ஒருவர் சொன்னதை வைத்து எழுதாதீர்கள், இன்னொருவரிடமும் கேளுங்கள்.

பெயரைப் போடலாமா என்று அவரவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்பவரை 'அந்தத் தெருப் பெண்கள்' என்றாவது எழுதுங்கள். முடிந்ததும் ஒரு பிரதி ஆஸ்பத்திரிக்கு, ஒன்று மாவட்ட மைய நூலகத்துக்கு, ஒன்று பேசியவர் வீட்டுக்கு.